செக்கிழுத்த வழக்குரைஞர்

ஆந்திர எல்லையை ஒட்டிய முருகன் தலமாகிய திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதற்காகப் போராடியோருள் முதன்மையானவர் ம. பொ. சிவஞானம். விடுதலைப் போரில் சிறை கண்ட அவரே, வ. உ. சிதம்பரனாரின் வரலாற்றை எழுதிக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் பெயரை மக்கள் நாவில் நிலைபெறச் செய்தார். கப்பலை நாம் அறிவோம். அதனை ஓட்டியவரை ஓர் அரசு எவ்வாறு தண்டித்தது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்குரைஞரானார். குற்றவியல் வழக்குகளில் எளியோர் பக்கம் நின்று வாதாடினார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். கப்பல் ஓட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், பேச்சைக் குற்றமாக்கும் சட்டம் இருந்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124அ என்னும் பிரிவு, அரசின்மீது வெறுப்பை விளைவிக்கும் சொல்லைத் தண்டித்தது. எது வெறுப்பு என அளந்து கூறியவரும் அவ்வரசு அமர்த்திய நீதிபதியே!

1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குச் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டு, சிவாவுக்குத் துணை செய்ததற்கு இருபது ஆண்டு எனச் சிதம்பரனாருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பேசிய சிவாவுக்கோ பத்தாண்டுகள். அவருக்குத் துணைபோனவருக்கு அதனினும் இருமடங்கு! இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லியே இக்கடுமையைக் கண்டு மனங்கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. ஆயினும், தீர்ப்பைக் கேட்டுச் சித்தம் கலங்கிய அவர்தம் தம்பிக்கு எந்த மேல்முறையீடும் பயன்படவில்லை.

கடுங்காவல் என்பது நீதிமன்றத்தின் சொல். அதன் பொருளை வகுத்தது சிறை நிருவாகம். கோவைச் சிறையில் சணல் உரித்துக் கைகள் புண்ணாயின. பின்னர், மாடு இழுக்க வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினர். அந்நிலையிலும் சக கைதிகளுக்கு முறையீட்டு மனுக்கள் எழுதித் தந்தார். ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். உடல்தான் செக்கைச் சுற்றியது.

கண்ணூர்ச் சிறையிலிருந்து 1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானார். எனினும், தண்டனை முடியவில்லை. கப்பல் நிறுவனம் கலைந்து போயிருந்தது; வழக்குரைஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது. பெருஞ்செல்வராய் வாழ்ந்தவர் சென்னையில் சிறு கடை நடத்தி நாள்களைக் கடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின், ஆங்கிலேய நீதிபதி வாலஸ் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. சிதம்பரனார் மீண்டும் நீதிமன்றப் படியேறினார். தமக்குப் பிறந்த மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.