பதவியை விட்டுத் தலைநகர் சென்றவர்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் பதவி ஏற்கச் சென்றவர்கள் பலர். இருந்த பதவியை விட்டுவிட்டுச் சென்றவர் ஒருவரைப் பற்றி நான் இங்கே எழுதுகிறேன். அவர்தான் அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை. அன்னாரின் பெயரைத் தாங்கிய பாடசாலை நமது நகரிலேயே உள்ளது. ஆனால் அவர் ஏன் கண்டியை விட்டுச் சென்றார் என்று என் வகுப்புத் தோழியரிடம் கேட்டபோது, பலருக்கும் அந்த வரலாறு தெரிந்திருக்கவில்லை.

சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் முஹம்மது லெப்பை 1833இல் சட்டத்தரணியானவர். இலங்கை முஸ்லிம்களில் முதலாவது சட்டத்தரணி அவரே. மகனும் அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்று, 1862இல் அதே தொழிலில் இறங்கினார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார், நீதவானாகவும் கடமையாற்றினார். செல்வமும் செல்வாக்கும் அவருக்குக் குறைவின்றி இருந்தன.

தந்தையார் சட்டத்தரணியான அதே 1833இல்தான் கொழும்பில் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர்களுக்கு ஆறு இடங்கள் இருந்தன. ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. முஸ்லிம்களுக்கென்று ஓர் இடமும் இல்லை. இந்த நிலை ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

சித்திலெப்பையை அதைவிடவும் வாட்டியது வேறொரு குறை. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிப் பாடசாலைகளிலேயே கிடைத்தது. பிள்ளைகளை அங்கு அனுப்பினால் மார்க்கம் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். பிள்ளைகள்மீது கொண்ட பாசமே அதற்குக் காரணம். ஆனால் அதனால் ஒரு தலைமுறையே எழுத்தறிவில் பின்தங்கியது. மார்க்கமும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் அச்சம் தானாகவே நீங்கும் என்று சித்திலெப்பை நம்பினார். அந்த எண்ணத்தை மக்களிடம் கொண்டுசெல்ல, 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார்.

அடுத்த மாதமே எகிப்தின் தேசியத் தலைவர் ஒராபி பாஷா, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டுத் தம் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார். சித்திலெப்பைக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. கல்வியே சமூகத்தை உயர்த்தும் என்பதில் இருவரும் ஒரே கருத்துடையவர்கள். இந்த ஒராபி பாஷாதான் பின்னர் 1892 முதல் 1901 வரை நமது கண்டியில் வாழ்ந்தவர்.

1884 அளவில் சித்திலெப்பை கண்டியில் தமக்கிருந்த தொழிலையும் பதவியையும் துறந்து கொழும்புக்குச் சென்றார். கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே 1867 முதல் புகையிரதம் ஓடியது. கடுகண்ணாவை மலையிறக்கத்தில் சுரங்கங்களைத் தாண்டிச் செல்லும் அந்தப் பாதையில் நாமும் பயணம் செய்திருக்கிறோம். சில மணி நேரப் பயணந்தான். ஆனால் பெயரும் வருமானமும் நிலைத்துவிட்ட ஊரை விட்டு, நாற்பத்தைந்து வயதை எட்டிய பின் புதிதாகத் தொடங்குவது எளிதான காரியமா?

அங்கே அவர் தொடங்கிய முதற் பாடசாலை போதிய ஆதரவின்றி நிலைக்காமற் போனது. அவர் மனந்தளரவில்லை. பத்திரிகையில் எழுதினார், வீடு வீடாகவும் பள்ளிவாசல்களிலும் பேசினார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் துணைநின்றார். 1892 ஆகஸ்ட் 22இல் மருதானையில் ஒரு பாடசாலை உதயமானது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. இந்த அலைச்சல்களுக்கிடையே, 1885இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. அதுவே இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது.

இதற்கிடையில் 1889இல் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் காலத்தில் சட்டநிரூபண சபையில் இரண்டு இடங்கள் கூட்டப்பட்டன. கண்டிச் சிங்களவருக்கான இடம் ரி.பி. பானபொக்கைக்கும், முஸ்லிம்களுக்கான இடம் கொழும்பின் எம்.சி. அப்துல் றஹ்மானுக்கும் கிடைத்தன. சமூகத்திற்கு அது பெரும் பேறு. சித்திலெப்பை அச்சபையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஆனால் ஓர் ஆசனத்தில் ஒருவர்தான் அமரலாம். அந்த ஆசனத்திற்குத் தகுதியானவர்கள் தொடர்ந்து உருவாக வேண்டுமானால் பாடசாலை வேண்டும். அவர் கட்டியெழுப்பியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

பெண்பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. பெண் கல்வியைப் பலர் எதிர்த்த அந்நாளில், கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அங்கே கற்பிக்க வெளியார் எவரையும் தேடவில்லை. தம் சகோதரியையே முன்னிறுத்தினார். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தம் வீட்டிலேயே அவர் நடத்திக்காட்டினார்.

1898 பெப்ரவரி 5ஆம் திகதி அன்னார் இறையடி சேர்ந்தார். மஹியாவை மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

உயர்கல்விக்காகக் கொழும்புக்கோ பேராதனைக்கோ போக விரும்பும் மகளிடம், இவ்வளவு படித்தது போதாதா என்று கேட்கும் வாப்பாமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. சித்திலெப்பையின் வரலாற்றை ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் பதவியை விட்டுக் கொழும்புக்குப் போனார். அதனால்தான் இன்று நாம் கையில் புத்தகத்துடன் வகுப்பறைக்குப் போகிறோம்.