டோனாவூர் அம்மா: பதில் வராத நாள்களில் ஒரு வாழ்க்கை

சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணி ஆனதும் தொலைக்காட்சியை அணைத்துவிடுவோம். அது குடும்ப ஜெப நேரம். அந்த ஜெபத்தில் இரண்டு ஆண்டுகளாக ஒரு வேண்டுதல் மட்டும் மாறவே இல்லை. பாட்டி மறுபடியும் நடக்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்து பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, உடற்பயிற்சி சிகிச்சை நடந்தது, ஜெபமும் நடந்தது. பாட்டிதான் நடக்கவில்லை.

சென்ற ஆண்டு இரண்டாம் தவணையின்போது எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஒரே விண்ணப்பத்தை எழுநூறு இரவு கொடுத்தும் பதில் இல்லையென்றால், அதைப் பெற்றுக்கொள்ள அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தோன்றியது. இடுபணி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு ஓர் இரவு அறையிலேயே இருந்துவிட்டேன். பாட்டி அதைக் கவனித்திருக்கிறார். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் மாலை தேநீர் கொடுக்கப் போனபோது, டோனாவூர் அம்மாவைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். பாட்டியின் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காப்பார் தோட்டத்துக்கு வந்தவர். வரும்போது அந்த அம்மாவின் கதையையும் சேர்த்தே கொண்டு வந்திருக்கிறார்.

பாதிக் கதையைப் பாட்டி சொன்னார். மீதியை நானே தேடிப் படித்தேன். எஸ்பிஎம் முடிவுக்கோ பல்கலைக்கழக இடத்துக்கோ வீட்டில் ஒருவர் குணமாவதற்கோ காத்திருக்கும் எவரும் இதைப் படிக்கலாம். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் காத்திருப்பது எல்லாருக்கும் பொதுதானே.

நீலக் கண்கள் கேட்ட சிறுமி

ஏமி கார்மைக்கேல் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், இன்றைய வட அயர்லாந்தில் உள்ள மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தைக்கு மாவு ஆலை இருந்தது.

ஏமியின் வாழ்க்கையில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவருடைய அம்மாவுக்கு நீலக் கண்கள். ஏமிக்கோ பழுப்புக் கண்கள். கடவுளிடம் கேட்டால் கொடுப்பார் என்று அம்மா சொல்லியிருந்ததால், ஓர் இரவு நீலக் கண்கள் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுச் சிறுமி தூங்கப் போனாள். விடிந்ததும் நாற்காலியில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள். இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அன்று அந்தக் குழந்தைக்குப் புரிந்ததாகச் சொல்வார்கள்.

ஏமிக்கு 17 வயதாக இருந்தபோது, 1885இல் தந்தை இறந்தார். குடும்பம் பணக் கஷ்டத்தில் இருந்தது. அப்போது பெல்ஃபாஸ்ட் நகர ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கவும் வழியில்லை. தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு வருவார்கள். வசதியானவர்கள் அவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள். ஏமி அவர்களுக்காக ஞாயிறு வகுப்பு தொடங்கினார். கூட்டம் பெருகியதால், 1889இல் அவர்களுக்கென்றே தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று எழும்பியது. அப்போது அவருக்கு வயது 21. கிட்டத்தட்ட என் வயது!

அதன் பிறகு எதுவும் நேராக நடக்கவில்லை. சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பானுக்குப் போனார். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக அங்கே இருந்தார். உடல் ஒத்துழைக்கவில்லை. இலங்கையில் சிறிது காலம் இருந்துவிட்டு வீடு திரும்பினார். எங்கே அனுப்பப்பட்டேன் என்று தெரியாமல் நாடு நாடாக அலைந்த காலம் அது. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து மூன்றிலும் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

1895இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். முதலில் பெங்களூர், பிறகு திருநெல்வேலிச் சீமை. அதற்குப் பின் 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தாய்நாடு திரும்பவில்லை.

ஓடி வந்த பிள்ளை

திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தார். ஏமி சேலை கட்டத் தொடங்கினார். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இன்னும் சில தமிழ்ப் பெண்களும் அவருடன் சேர்ந்து, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள்.

1901 மார்ச் மாதத்தில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அன்று இருந்தது. அந்த மரபில் வந்த பெண்கள் இசையையும் நாட்டியத்தையும் வளர்த்தவர்கள். ஆனால் காலப்போக்கில் ஏழைச் சிறுமிகளை அவர்கள் விருப்பம் கேட்காமலே பெரியவர்களின் ஆசைக்குப் பலியாக்கும் நிலை உருவாகிவிட்டது. பிரீனா அங்கிருந்து ஓடி வந்த பிள்ளை. முன்பு ஒருமுறை ஓடிப் பிடிபட்டபோது அவள் கைகளில் சூடு வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஏமியின் வேலை மாறிப்போனது. ஊர் ஊராகப் போனவர் ஒரே இடத்தில் தாயாக உட்கார்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூரில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வெளியே போகும்போது, தோலில் சாயம் பூசிச் சேலை கட்டித் தமிழ்ப் பெண்போலவே போவாராம். நீலக் கண்கள் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். சிறுவயதில் கிடைத்த மறுப்புக்குக் காரணம் முப்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது என்பார்கள்.

இந்த இடத்தில் பாட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா மறுப்புக்கும் பின்னால் இப்படி அழகான காரணம் காத்திருக்கும் என்றால் யாருக்குத்தான் நம்புவது கஷ்டம்? ஏமியின் வாழ்க்கையும் அத்தோடு முடிந்துவிடவில்லை.

கேட்டும் கிடைக்காதவை

டோனாவூர் இல்லத்துக்கு ஒரு விதி இருந்தது. யாரிடமும் பணம் கேட்பதில்லை. நன்கொடை வேண்டுகோள் கிடையாது. தேவையைக் கடவுளிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அங்கே சாதி பார்க்கவில்லை. வேலை செய்த பெண்களைப் பிள்ளைகள் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் அழைத்தார்கள். ஏமி எல்லாருக்கும் அம்மா. 1918இல் ஆண் குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். பள்ளி, மருத்துவமனை என்று அந்த இடம் ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

இதையெல்லாம் கிடைத்த பதில்கள் என்று எழுதிவிடலாம். கிடைக்காதவற்றையும் எழுத வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் கைக்குழந்தைகள் பலர் நோயில் இறந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தார்கள். தமிழ் கற்றுக் கொடுத்த வாக்கர் 1912இல் திடீரென்று இறந்தார். தொடக்கத்திலிருந்தே வலதுகையாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். குணமாக வேண்டும் என்று இல்லமே வேண்டியும், 1915இல் அவரும் போய்விட்டார்.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், இவ்வளவு நடந்த பிறகு இந்த அம்மா ஜெபத்தை விட்டிருப்பார், அல்லது எதற்கும் அழாத கல்லாக மாறியிருப்பார் என்பதுதான். இரண்டும் நடக்கவில்லை. இறந்த குழந்தைகளுக்காக அவர் துக்கப்பட்டார். மறுநாள் காலை இருக்கிற குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டியிருந்தது. அதையும் செய்தார்.

நாற்பத்தாறு ஆண்டுகள்

ஏமியின் வேண்டுதல்களில் மிகப் பெரியது, சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கமே ஒழிய வேண்டும் என்பது. 1901இல் பிரீனா ஓடி வந்தாள். அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். இடையில் 46 ஆண்டுகள்!

அந்தச் சட்டம் வந்த வழியும் கவனிக்க வேண்டியது. அதற்காகச் சட்டமன்றத்தில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயே அந்த மரபில் பிறந்தவர். அதே மரபில் சிக்கி மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1936இல் ஒரு நாவலும் எழுதினார். இவர்கள் யாரும் டோனாவூரின் பிள்ளைகள் அல்லர், கிறிஸ்தவ ஊழியர்களும் அல்லர். தங்கள் சமூகத்தின் பெண்களுக்காகத் தாங்களே எழுந்து நின்றவர்கள். அந்த வெற்றி அவர்களுடையது.

விசுவாசியான என் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஏமி பதிலுக்காக எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. பதில் வந்தது அவர் திறக்காத வாசல் வழியாக, அவர் அறியாத மனிதர்களின் உழைப்பால். அப்போது அவர் 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதுவும் படுக்கையில்.

குழியில் விழுந்த நாள்

1931 அக்டோபர் 24ஆம் நாள் காலையில், தன்னை இன்னும் நன்றாகச் சேவை செய்யத் தகுந்தவளாக்க எது வேண்டுமோ அதைச் செய்யும்படி ஏமி ஜெபித்தார். அன்று மாலை, மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் ஏற்பாடு செய்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். புதிதாகத் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. உள்ளே விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது.

சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்காகவே ஜெபித்தார்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு நோய்களும் சேர்ந்துகொண்டன. பழைய ஏமி திரும்பி வரவே இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், 1951 ஜனவரி 18இல் கண்மூடும்வரை, பெரும்பாலும் ஒரே அறைதான் அவருக்கு உலகம். 1948இல் மறுபடியும் விழுந்தார். அதன்பின் படுக்கையை விட்டு எழுவதும் நின்றுபோனது.

அந்த அறைக்குள் அவர் என்ன செய்தார்? எழுதினார். வலியில் கிடப்பவருக்கு ஆரோக்கியமானவர்கள் எழுதும் ஆறுதல் எட்டுவதில்லை என்று அனுபவத்தில் கண்டு, நோயாளிகளுக்காகவே ஒரு நூலை எழுதி 1933இல் வெளியிட்டார். இன்னும் பல நூல்களும் எண்ணற்ற கடிதங்களும் அந்தக் கட்டிலிலிருந்து பிறந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். தன் கல்லறைக்கு மேல் கல் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். அதில் பெயர்கூட இல்லை. அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்தான் இருக்கிறது.

என் பாட்டியின் அறை

அந்தக் குழி நன்மைக்குத்தான் தோண்டப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. விழுந்தவர் என் பாட்டியாக இருக்கும்போது, அந்த ஈரமான குளியலறைத் தரையை நல்லது என்று எப்படிச் சொல்வேன்? பாட்டியிடம் இதைக் கேட்டேன். தனக்கும் அது தெரியாது என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. ஜெபம் என்பதை நான் ஒரு விண்ணப்பப் பாரமாகவே வைத்திருந்தேன். கொடுத்தேன், பதில் வரவில்லை, ஆகவே அலுவலகம் மூடிக் கிடக்கிறது. ஏமிக்கு அது ஒரு வீட்டுப் பேச்சு. கேட்டது கிடைக்காத நாளிலும் வீட்டில் பேசுவதை யாரும் நிறுத்துவதில்லை. கோபமாக இருந்தால் கோபத்தையாவது பேசுவோம்.

எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருக்கும் என் தோழி, தன் அம்மாவின் சுகத்துக்காக மூன்று ஆண்டுகளாகப் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறாள். அவளும் காத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் சமயத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சென்ற மாதம் அவள் அம்மா மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தபோது நான் துணைக்குப் போனேன். அவள் வந்து பாட்டிக்குத் தலை வாரிவிட்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் பாட்டியின் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நிற்கப் பழகுகிறார். சில வாரம் நான்கு, சில வாரம் ஒன்றுமில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சக்கர நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளி வருவதும் என் வேலை. முன்பு கண்ணை மூடிக்கொண்டு என் வேண்டுதலை மட்டும் சொல்வேன். இப்போது பாட்டி சொல்வதைக் கேட்கிறேன். அவர் ஒரு நீளமான பட்டியல் வைத்திருக்கிறார். என் தேர்வு, அப்பாவின் வேலை, காப்பாரில் தனியாக இருக்கும் தன் பழைய சிநேகிதி, கீழ்த்தளத்துத் தோழியின் அம்மா என்று பெயர்பெயராகப் போகும். தன் கால் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

அந்த இடம் வரும்போது நான் சத்தமாக ஆமென் சொல்கிறேன்.