கள்ளுக்கடையை மூடியவர் போட்ட வரி

கடை பில்லின் அடியில் ஜிஎஸ்டி, வாட் என்று பார்த்தாலே நம்ம ஆளுகளுக்கு எரிச்சல். எந்த நாட்டில் இருந்தாலும் இதுதான். இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது ஒரு தமிழர்தான்: ராஜாஜி.

1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பேர்பெற்ற வக்கீல், நகராட்சித் தலைவர், அப்புறம் காந்தி வழியில் சிறை. திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் நடத்தியபோதே மதுவிலக்குக்காக ஒரு பத்திரிகை போட்டார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்.

ஆனால் கள், சாராய வரிதான் கஜானாவின் பெரிய வருமானமே! அடுத்தடுத்த மாவட்டங்களிலும் மூடினால் செலவுக்கு எங்கே போவது? 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். குடிக்காதவனும் கட்டணும் என்பது எனக்கும் நெருடல்தான். ஆனாலும் ஒரு வருமானத்தை விடும்போதே மாற்று வழியையும் காட்டினார் பாருங்கள், அந்த நேர்மை இப்போ அபூர்வம். (நிதியைக் காரணம் காட்டி 1953-ல் பள்ளி நேரத்தையே பாதியாக்கினாரே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.)

1971-ல் கருணாநிதி அரசு, நிதி நெருக்கடியைச் சொல்லி மதுவிலக்கை ஒத்திவைக்கக் கிளம்பியது. 92 வயதில் ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டார். பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

மதுபானம் இன்றும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. கள்ளுக்கு மாற்றாக அவர் போட்ட விற்பனை வரி, வாட் என்ற பெயரில் டாஸ்மாக் பாட்டிலுக்கே வசூலாகிறது.