சாட்சிக் கூண்டில் ஓர் உளவியல் அறிஞர்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று, கடைத்தெருவில்.

பள்ளியில் பயின்ற நாளில், என் கண்ணெதிரே ஒரு மொபெட் மூதாட்டி ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு மறைந்தது. கூடிய கூட்டத்தில் யாரோ, ஓட்டியவன் சிவப்புச் சட்டைக்காரன் என்றார். பின்னர் வந்த காவலரிடம் நானும் சிவப்புச் சட்டை என்றே உறுதியாகச் சொன்னேன். அடுத்த தெருவில் சிவப்புச் சட்டையுடன் நின்ற ஓர் இளைஞர் மாலை வரை காவல் நிலையத்தில் உட்கார நேர்ந்தது. ஒரு கடையின் கேமராவோ வெளிர்நீலச் சட்டையைக் காட்டியது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது மெய்யுமில்லை. அந்த உறுத்தலோடு நூல்களைப் புரட்டியபோது அறிமுகமானவரே ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க்.

இவர் 1863இல் டான்சிக் நகரில் பிறந்தார். லைப்சிக்கில் உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வுண்ட்டிடம் பயின்று 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவமும் கற்றார். வில்லியம் ஜேம்ஸின் அழைப்பை ஏற்று 1892இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். உளவியல் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது, நீதிமன்றத்துக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவர் குடும்பத்துடன் கடற்கரையில் தங்கியிருந்த வேளையில் நகரத்து வீட்டில் திருட்டு நடந்தது. வழக்கில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். திருடர்கள் நிலவறைச் சன்னல் வழியே நுழைந்தனர் என்றார். உண்மையில் நிலவறைக் கதவின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. கடிகாரம் காகிதத்தில் பொதியப்பட்டிருந்தது என்றார். பொதிந்திருந்ததோ மேசை விரிப்பில். மெழுகுத் துளிகளைக் கண்ட இடமும் தவறு. களவுபோன ஆடைகளின் கணக்கும் தவறு. நினைவாற்றல் மிக்க அறிஞர், பொய் சொல்லக் காரணமே இல்லாதவர், இத்தனை பிழை செய்தார்! பிறர் பேச்சு நம்மையறியாமல் நம் நினைவில் கலந்துவிடும் என்பதற்குத் தம்மையே சான்றாக்கி, சாட்சியம் பற்றிய தம் நூலை 1908இல் வெளியிட்டார். தம் பிழையை ஊரறியச் சொன்ன அந்த நேர்மை என்னை வியக்க வைத்தது.

சட்ட உலகம் உடனே ஏற்கவில்லை. சட்ட அறிஞர் விக்மோர் 1909இல், மூன்ஸ்டர்பெர்க் மீது வழக்குத் தொடுப்பதுபோல் ஒரு நையாண்டிக் கட்டுரையே எழுதினார். போதிய ஆய்வுச் சான்றுகள் எங்கே என்பதே அவர் வாதம். அதில் நியாயமும் இருந்தது. உலகப் போர்க் காலத்தில் செர்மனியின் பக்கம் பேசியதால் மூன்ஸ்டர்பெர்க் பலரின் வெறுப்புக்கும் ஆளானார். 1916 டிசம்பர் 16 அன்று விரிவுரை மேடையிலேயே விழுந்து உயிர் துறந்தார்.

விக்மோர் கேட்ட சான்று பிற்காலத்தில் வந்தது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், பாமர் ஆகியோர் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினர். கார்கள் மோதியபோது வேகம் என்ன என்று 50 பேரிடமும், நொறுங்கியபோது வேகம் என்ன என்று வேறு 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என வினவினர். முதல் குழுவில் 7 பேர் கண்டோம் என்றனர். இரண்டாம் குழுவில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியின் ஒரு சொல்லே காணாததைக் கண்டதாக்கிவிட்டது.

நண்பர்களே, சாட்சியின் உறுதியான குரல் ஒரு மனிதரைச் சிறைக்கும் அனுப்பும், தூக்குமேடைக்கும் அனுப்பும். இப்போதெல்லாம் எதையும் பார்த்தேன் என்று சொல்லுமுன், பார்த்தேனா, கேட்டேனா என்று என்னையே வினவிக்கொள்கிறேன். சிவப்புச் சட்டை இளைஞரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் கிட்டவில்லை. இக்கட்டுரையே அதன் தொடக்கமாகட்டும்.