மலைப் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் தந்தார். பெத்த பிள்ளைகளை பார்க்காமலே போனார்! கொல்லிமலை பிராண்ட் துரை கதை

கொல்லிமலை:

கொல்லிமலை என்றதும் ஆகாச கங்கை அருவியும், 70 கொண்டை ஊசி வளைவும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ரோடே இல்லாத காலத்தில், ஒத்தையடிப் பாதையில் மலை ஏறி பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க வைத்தவர் ஜெசி பிராண்ட். இங்கிலாந்துக்காரர். 1907-ல் தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரியார்.

இவர் டாக்டர் கிடையாது. லண்டனில் படித்த கொஞ்ச கால வைத்தியப் பயிற்சிதான் கைமுதல். கூடவே தச்சு வேலை, கட்டிட வேலை தெரியும்.

மழையில் ஏறிய புதுப்பெண்

1913-ல் லண்டன் பணக்கார வீட்டுப் பெண் ஈவ்லினை கல்யாணம் முடித்தார். கல்யாணம் ஆன கையோடு கொட்டுகிற மழையில் மலை ஏறினார்கள். வாழவந்தியில் பலகை வீடு கட்டி குடியிருந்தார்கள். மகன் பால், மகள் கோனி அங்கேதான் வளர்ந்தார்கள்.

அந்த நாளில் கொல்லிமலை என்றாலே மலேரியா காய்ச்சல் பயம். கீழ்நாட்டு ஆட்கள் ராத்திரி தங்கவே தயங்குவார்கள்.

தொடக்கத்தில் ஜனங்கள் கிட்ட வரவில்லை. சாமி கோபிக்கும் என்று பூசாரி எதிர்த்தார். 1918-19 விஷக்காய்ச்சலில் ஊர் ஊராக ஆட்கள் செத்தபோது, பிராண்ட் தம்பதி வீடு வீடாகப் போய் கஞ்சி கொடுத்தார்கள். எதிர்த்த பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். அதுக்கப்புறம் மலை ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது.

படிப்போடு கைத்தொழில்

ஆடு மேய்க்க, சாமைக்காட்டுக்கு காவல் இருக்க பிள்ளைகள் வேண்டும். வெறும் எழுத்துக்காக எந்த ஏழை வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். இது பிராண்டுக்கு புரிந்தது. பள்ளிக்கூடங்களோடு தச்சு, நெசவு, பட்டுப்புழு வளர்ப்பு என்று சோறு போடுகிற தொழிலையும் சேர்த்தார். குளத்தில் கால் வைத்து தண்ணீர் எடுத்தால் நரம்புச் சிலந்தி நோய் பரவும் என்று சொல்லி, கிணறுகளையும் சரிபண்ண வைத்தார்.

அவர் மகன் பாலுக்கு மட்டும் படிப்பு என்றால் வேப்பங்காய். அம்மா கணக்கு கொடுத்தால் பலா மரத்தில் ஏறி உட்கார்ந்து போட்டு, தாளை மேலிருந்து கீழே போடுவான்!

கப்பலில் வந்த கடிதம்

1923-ல் பிள்ளைகளை படிக்கவைக்க இங்கிலாந்துக்கு கூட்டிப்போனார்கள். சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு புருஷன், பொண்டாட்டி மட்டும் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. ஊரார் பிள்ளைகள் பக்கத்தில் படிக்க, சொந்தப் பிள்ளைகள் கடல் தாண்டி படித்தார்கள். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் மட்டும்தான் உறவு.

1929 ஜூனில் மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகிற காய்ச்சல் வந்து பிராண்ட் இறந்தார். வாழவந்தியிலேயே அடக்கம் செய்தார்கள். பாலுக்கு சாவு செய்தி தந்தியில் போனது. அப்பா முன்னாடியே எழுதிப்போட்ட கடிதம், கப்பலில் அதுக்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அப்பா முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

மகன் திரும்பி வந்தார்

ஆனால் அந்தப் படிப்பு வீண்போகவில்லை. கட்டிட வேலை பழகி, பிறகு டாக்டர் ஆன பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். குணமானவர்கள் பிழைக்க மரவேலை கற்றுத்தர ஒரு மையமும் தொடங்கினார். அப்பா மலையில் செய்ததேதான்! 2003-ல் காலமானார்.

ஈவ்லின் கடைசிவரை மலைகளை விடவில்லை. சங்கம் ஓய்வு கொடுத்த பிறகும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் புருஷன் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கொடுத்தார்கள் மலை ஜனங்கள்.