பேரரசி நூர்ஜஹானும் ரோஜா அத்தரும்

பெருநாள் காலையில் புத்தாடையோடு சேர்ந்து வருவது அத்தர் மணம். ஜும்ஆவுக்குப் புறப்படும் ஆண்கள் மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் ஒரு சொட்டுத் தடவிக்கொள்கிறார்கள். கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கிறார்கள். பன்னீரும் ரோஜா அத்தரும் ஒரே பூவிலிருந்து, ஒரே அடுப்பில் பிறப்பவை. அப்படியிருந்தும் பன்னீரை உலகம் அறிந்து பல நூறு ஆண்டுகள் சென்ற பிறகே ரோஜா அத்தர் முகலாய அரண்மனையில் தோன்றியது. அதைக் கண்டுபிடித்தவர் பேரரசி நூர்ஜஹான் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையா என்பதை அறிய அப்பேரரசியின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

நூர்ஜஹான் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். பாரசீகத்தில் உயர்ந்த நிலையில் இருந்த குடும்பம் ஒன்று செல்வாக்கை இழந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த மிர்ஸா கியாஸ் பேக், கர்ப்பிணியான மனைவி அஸ்மத் பேகத்தையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பிழைப்புத் தேடி இந்துஸ்தானத்தை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கொள்ளையர்கள் அவர்களுடைய பொருட்களைப் பறித்துக்கொண்டார்கள். 1577ஆம் ஆண்டு, கந்தஹார் நகருக்கு அருகே, கையில் ஒன்றும் இல்லாத அந்த நிலையில் அஸ்மத் பேகம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். குழந்தைக்கு மெஹ்ருன்னிசா என்று பெயர் வைத்தார்கள். பெண்களில் சூரியன் என்பது அதன் பொருள்.

பாதையில் பிறந்த பிள்ளை என்றால் என்ன என்பதை வன்னியில் வாழும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2009 வரை நீடித்த போரில் தமிழ் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். வழியிலும் முகாமிலும் பிறந்த பிள்ளைகள் இன்று எங்கள் அயலிலேயே வளர்ந்தும் படித்தும் வருகிறார்கள். இந்துஸ்தானத்தை ஆண்ட பேரரசி ஒருவரும் அப்படிப் பிறந்தவர்தான்.

ஒரு வணிகக் கூட்டத் தலைவரின் உதவியோடு அக்குடும்பம் அக்பர் பாதுஷாவின் அவையை அடைந்தது. கியாஸ் பேக் கல்வியும் கணக்கும் நன்கு தெரிந்தவர். தம் திறமையால் படிப்படியாக உயர்ந்தார். பின்னாளில் ஜஹாங்கீர் ஆட்சியில் அவருக்கு இதிமாதுத் தௌலா, அதாவது அரசின் நம்பிக்கைத் தூண், என்னும் பட்டம் கிடைத்தது. மெஹ்ருன்னிசா வாசிக்கவும் எழுதவும் கற்று, பாரசீக மொழியிலும் கைவேலைகளிலும் தேர்ச்சி பெற்று வளர்ந்தார்.

1594ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் அலி குலி என்ற போர்வீரர். ஷேர் அஃப்கன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். அவர்களுக்கு லாட்லி என்ற ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். 1607இல் வங்காளத்தின் பர்த்வான் பகுதியில் நடந்த கைகலப்பில் ஷேர் அஃப்கன் கொல்லப்பட்டார். முப்பது வயதில் விதவையான மெஹ்ருன்னிசா மகளோடு ஆக்ரா அரண்மனைக்கு வந்து, அக்பரின் மனைவி ருகையா சுல்தான் பேகத்தின் பணிப்பெண்களுள் ஒருவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1611இல், ஜஹாங்கீர் பாதுஷா அவரை மணந்தார். முதலில் நூர் மஹல் என்றும், 1616 முதல் நூர்ஜஹான் என்றும் அவர் அழைக்கப்பட்டார். நூர்ஜஹான் என்றால் உலகின் ஒளி.

நாம் தேடிவந்த அத்தர் தோன்றியது இக்காலத்தில்தான். பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நூர்ஜஹானின் திருமணத்தின்போது பூங்காவின் வாய்க்கால் முழுவதும் பன்னீரால் நிரப்பப்பட்டதாம். வெயிலில் அதன்மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்தைப் புதுமணப்பெண் கையால் அள்ளி முகர்ந்தாராம். அப்படித்தான் அத்தர் கிடைத்ததாம். கேட்க இனிமையான கதைதான். ஆனால் ஜஹாங்கீர் பாதுஷா தம் கைப்பட எழுதிய நினைவுக் குறிப்புகளில் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் தம் ஆட்சியின் 9ஆம் ஆண்டாகிய 1614இன் நிகழ்வுகளை எழுதுமிடத்தில் ரோஜா அத்தரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹானின் தாயார் என்று தெளிவாக எழுதுகிறார். அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். சூடான பன்னீரைப் பாத்திரங்களில் ஊற்றியபோது மேலே ஆடை போல ஒரு படலம் படிந்ததைக் கவனித்தார். அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்தெடுத்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்தால் சபை முழுவதும் மணக்கும் அளவுக்கு அதில் வாசனை இருந்தது. மகிழ்ந்துபோன பாதுஷா அவருக்கு ஒரு முத்துமாலையைப் பரிசளித்தார். அரச குடும்பத்தின் மூத்த பெண்மணியான சலீமா சுல்தான் பேகம் அதற்கு இத்ரே ஜஹாங்கீரி என்று பெயர் வைத்தார். வாசனைகளை மிகவும் விரும்பிய தம் தந்தை அக்பருக்கு இதை முகரக் கிடைக்கவில்லையே என்றும் ஜஹாங்கீர் வருந்தியிருக்கிறார்.

அஸ்மத் பேகம் கண்ட படலம் எதனால் உண்டானது என்பதை இன்று விஞ்ஞான பாட மாணவியர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ரோஜாப் பூக்களைத் தண்ணீரோடு கொதிக்கவைக்கும்போது பூவிலுள்ள எண்ணெய் நீராவியோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஆவி குளிர்ந்து நீராகும்போது மணமுள்ள சில பொருட்கள் நீரில் கரைந்துவிடுகின்றன. அதுவே பன்னீர். கரையாத எண்ணெய் நீரை விட இலேசானது என்பதால் மேலே மிதக்கிறது. ரோஜா எண்ணெயில் மெழுகு போன்ற பகுதியும் இருப்பதால் சுமார் 20 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அது உறையத் தொடங்கும். ஆறிய பன்னீரின்மேல் ஆடை படிவது அதனால்தான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் பெற 3,000 கிலோவுக்கும் அதிகமான பூக்கள் வேண்டும். ஒரு பாத்திரத்தில் மிதக்கும் படலம் எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாலைவடித்தல் அப்போது புதிய கலையல்ல. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்கிந்தி வாசனைப் பொருட்களை வடித்தெடுக்கும் முறைகள் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பாரசீகப் பன்னீர் நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாரசீகத்திலிருந்து வந்தவர்தான் அஸ்மத் பேகம். வழியில் கொள்ளையர்கள் பொருட்களைப் பறித்தார்கள். கைப்பழக்கத்தைப் பறிக்க முடியவில்லை. பன்னீர் காய்ச்சியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அஸ்மத் பேகம் மிதந்த ஆடையை அழுக்கென்று தள்ளிவிடாமல் அது என்னவென்று பார்த்தார். கண்டுபிடிப்பு என்பது அந்தப் பார்வைதான்.

அப்படியானால் பெயர் ஏன் மகளுக்குப் போனது? மகளின் புகழ் அவ்வளவு பெரியது என்பதே காரணம். ஜஹாங்கீரின் உடல்நலம் குன்றத் தொடங்கியபோது ஆட்சிப் பொறுப்பின் பெரும்பகுதியை நூர்ஜஹானே ஏற்றார். அவர் பெயரில் ஆணைகள் பிறந்தன. நாணயங்களிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவருக்குச் சொந்தமான கப்பல்கள் வணிகம் செய்தன. 1617இல் ஒரு வேட்டையில் ஆறே குண்டுகளால் நான்கு புலிகளை வீழ்த்தினார். பஞ்சாபில் வழிப்போக்கர்கள் தங்குவதற்குப் பெரிய சத்திரம் கட்டினார். ஸ்ரீநகரில் கல்லால் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். பெற்றோர் இல்லாத ஏழைக் குமர்களின் திருமணத்துக்கு உதவினார் என்றும் அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1626இல் தளபதி மஹாபத் கான் ஜஹாங்கீரைச் சிறைப்படுத்தியபோது யானைமேல் ஏறி, அம்பு மழைக்கிடையே ஜீலம் ஆற்றில் இறங்கிப் போரிட்டார். அந்தச் சண்டையில் தோற்றாலும், பிறகு மதிநுட்பத்தால் கணவரை மீட்டார். இத்தனையும் செய்தவருக்கு அத்தரையும் சேர்த்துக் கொடுப்பது கதை சொல்பவர்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். அடுப்படியில் நின்ற தாயின் பெயர் மெல்ல மறைந்துபோனது.

ஆனால் நூர்ஜஹான் தம் தாயை மறக்கவில்லை. 1621இல் அஸ்மத் பேகம் மறைந்தார். மனைவியை இழந்த துயரத்தால் மெலிந்துபோன கியாஸ் பேக், சில மாதங்களுக்குள் 1622 ஜனவரியில் காலமானார். ஆக்ராவில் யமுனை ஆற்றங்கரையில் நூர்ஜஹான் அவர்களுக்கு ஒரு நினைவு மாளிகை கட்டினார். 1628இல் அது நிறைவடைந்தது. வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கற்களைப் பதித்து உருவான அதன் சுவர்களில் பூச்சாடிகளும், பழங்களும், நீண்ட கழுத்துடைய குடுவைகளும் காணப்படுகின்றன. பின்னாளில் எழுந்த தாஜ்மஹாலுக்கு இதுவே முன்மாதிரி என்று பலர் கருதுகிறார்கள். தாஜ்மஹாலில் துயிலும் மும்தாஜ், நூர்ஜஹானின் சகோதரர் ஆசஃப் கானின் மகளாவார். மாளிகையின் நடு அறையில் கணவன் மனைவி இருவருடைய கபுறுகளும் அருகருகே உள்ளன. ஆயினும் அக்கட்டடம் இன்றுவரை இதிமாதுத் தௌலாவின் கல்லறை என்றே அழைக்கப்படுகிறது. அங்கேயும் தாயின் பெயர் வெளியில் இல்லை.

1627இல் ஜஹாங்கீர் காலமானார். அரியணைப் போட்டியில் நூர்ஜஹான் ஆதரித்த மருமகன் ஷஹ்ரியார் தோற்று, உயிரிழந்தார். ஷாஜஹான் ஆட்சிக்கு வந்ததும் நூர்ஜஹானின் அதிகாரம் முடிவுக்கு வந்தது. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் உதவித்தொகையோடு, விதவையான மகள் லாட்லியுடன் லாஹூரில் 18 ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். 1645 டிசம்பர் 17ஆம் திகதி மறைந்து, லாஹூரின் ஷாஹ்தராவில் தாமே கட்டிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆணைகள் காலாவதியாயின. நாணயங்கள் நூதனசாலைக்குள் போயின. தாயின் பாத்திரத்தில் மிதந்த மணம் மட்டும் இன்னும் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கு இந்தியாவில் அத்தருக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். அங்கே இன்னமும் பழைய முறையில் வேலை நடக்கிறது. பெரிய செப்புக் கிடாரத்தில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, கீழே நெருப்பு மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போகிறது. அதில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் மணத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜா, மல்லிகை, தாழம்பூ ஆகியவற்றிலிருந்து மட்டுமல்ல, சுட்ட களிமண்ணிலிருந்தும் அங்கே அத்தர் வடிக்கிறார்கள். நீண்ட வரட்சிக்குப் பிறகு வன்னியில் முதல் மழை விழும்போது செம்மண்ணிலிருந்து எழுமே, ஏறக்குறைய அதே மணம் அது.

இயற்கை அத்தரில் மதுசாரம் கலப்பதில்லை. எண்ணெய் என்பதால் உடற்சூட்டில் மெதுவாக மணம் விடும். தூரத்துக்கு வீசாமல் உடலோடு ஒட்டி நிற்கும். ஒரு சொட்டே போதும். உடுப்பில் பட்டால் கறை பிடிக்கலாம் என்பதால் தோலில் தடவுவதே நல்லது. முதன்முறை பாவிப்பவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்பு உண்டாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவு விலையில் அத்தர் என்ற பெயரோடு வருபவற்றுள் பல செயற்கை வாசனைகளே. இத்தனை ஆயிரம் கிலோ பூ தேவைப்படும் பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்காது என்பதைப் பெற்றோர் நினைவில் வைப்பது நன்று. நறுமணம் நபி (ஸல்) அவர்கள் விரும்பிய ஒன்று. பெண்களாகிய நமக்கு வெளியில் செல்லும்போது மார்க்கம் வகுத்த வரம்பும் உண்டு. வீட்டிலும் பெண்கள் கூடும் இடத்திலும் அந்த ஒரு சொட்டு நமக்கு உரியது.

அன்பின் சகோதரிகளே, நூர்ஜஹானின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவருடைய துணிவும் அறிவும் நம்மை வியக்க வைக்கின்றன. பாதையில் பிறந்த பிள்ளை பேரரசை நடத்தியது நமக்குப் பெரிய நம்பிக்கை. அதே வரலாற்றில் அவருடைய தாயையும் தேடிப் பார்க்க வேண்டும். ஜஹாங்கீர் ஒரு பந்தி எழுதியிராவிட்டால் அஸ்மத் பேகத்தின் கண்டுபிடிப்பு நமக்குத் தெரியாமலே போயிருக்கும். எழுதி வைத்ததால் அது பிழைத்தது. நம் உம்மாமார்களும் உம்மும்மாமார்களும் இடம்பெயர்ந்த நாட்களில் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, பாய் பின்னியும் தைத்தும் பலகாரம் சுட்டும் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களுடைய கைப்பக்குவங்களுக்கு முத்துமாலை கொடுக்க நம்மிடம் வசதியில்லை. அவற்றைக் கேட்டறிந்து, அவர்களுடைய பெயரோடு எழுதி வைக்க நம்மால் முடியும்.