கொற்கைத் துறைமுகம் எங்கே போச்சு? ஓரியண்டியரிங் ஓட்டக்காரர் போலத் தேடிய கால்டுவெல்

கையில் ஒரு வரைபடம், விரலில் ஒரு காம்பஸ். போனில் மேப் பார்க்கக் கூடாது. வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களை வரிசையாகத் தேடிப் போய்ச் சேரணும். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வெற்றி. இதுதான் ஓரியண்டியரிங். வேகம் மட்டும் இதில் உதவாது. தப்பான பக்கம் வேகமாக ஓடினால் இன்னும் தூரமாகத்தான் போவோம். பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897இல் நார்வேயில் நடந்தது.

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, தூத்துக்குடி கடற்கரைப் பகுதியில் ஒருவர் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். போட்டிக்காக இல்லை, காணாமல் போன ஒரு முத்துத் துறைமுகத்துக்காக. அவர்தான் ராபர்ட் கால்டுவெல். சென்னை மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான்.

நடந்தே வந்தவர்

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்தவர். 1838 ஜனவரியில் சமயப் பணிக்காகச் சென்னையில் வந்திறங்கினார். மூன்று ஆண்டுகள் அங்கே தமிழ் படித்துவிட்டு, 1841இல் தென்கோடிக்குக் கிளம்பினார்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் பல்லக்கிலோ குதிரையிலோதான் பயணம் போவார்கள். இவர் நடந்தார். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று போய், நீலகிரி மலையேறி இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். மக்களையும் மண்ணையும் பேச்சையும் அறிய நடைதான் சரியான வழி என்பது அவருடைய கணக்கு.

செம்மணல் தேரிகளுக்கு நடுவே இருந்த இடையன்குடி அவர் ஊரானது. அங்கிருந்தபடியே எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளியானது. அவர் பெயர் உலகெங்கும் பரவியது அந்த ஒரு புத்தகத்தால்தான். எல்லாவற்றையும் அவர் சரியாகவே படித்தார் என்று சொல்ல முடியாது. 1849இல் நாடார் சமூகம் பற்றி அவர் எழுதிய நூல் அந்த மக்களிடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

கையில் இருந்தது பழைய வரைபடம்

கால்டுவெல்லுக்கு இன்னொரு ஆர்வமும் இருந்தது: வரலாறு. தொல்லியல் அவர் தொழில் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் அதில் அவர் ஓர் அமெச்சூர்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், பாண்டிய நாட்டில் கொல்கி என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடந்ததாகவும், தண்டனைக் கைதிகளை அதில் இறக்கியதாகவும் சொல்கிறது. தாலமியின் நிலநூலிலும் அந்த ஊர் ஒரு வணிகத் துறைமுகம். சங்க இலக்கியத்தில் வரும் கொற்கையும் முத்துக்குப் பேர்போன துறைதான்.

ஆனால் தரையில் போய்ப் பார்த்தால்? ஏரல் பக்கத்தில் கொற்கை என்று ஒரு சின்னக் கிராமம் இருந்தது. சுற்றிலும் வயல். கடலோ சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி. துறைமுகம் எப்படி வயலுக்கு நடுவில் இருக்கும்?

மண்ணைத் தோண்டிக் கிடைத்த பதில்

வரைபடமும் தரையும் ஒத்துப்போகாவிட்டால் ஓரியண்டியரிங் ஓட்டக்காரர் என்ன செய்வார்? நின்று, சுற்றிப் பார்த்து, எது மாறியிருக்கும் என்று யோசிப்பார். கால்டுவெல்லும் அதையே செய்தார். கொற்கையில் ஆட்களை வைத்துத் தோண்டினார். வயல் மண்ணுக்குக் கீழே கடல் மணலும் கடல் சிப்பிகளும் வந்தன. அப்படியானால் ஊர் இடம் மாறவில்லை. கடல்தான் விலகிப் போயிருக்கிறது.

காரணம் தாமிரபரணி. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கொண்டுவரும் வண்டல் கழிமுகத்தில் படிந்துகொண்டே போக, கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது. கொற்கைக்குக் கப்பல் வர முடியாமல் போனது.

அடுத்து வந்த துறைமுகம்தான் காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட பெரிய துறைமுகம் அது. இங்கே ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கத்தில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று காயல்கள் உண்டு. இவற்றில் எது?

ஓரியண்டியரிங்கில் அடிக்கடி நடக்கும் தப்பு இது. வரைபடத்தில் உள்ள பாறை மாதிரியே இன்னொரு பாறை பக்கத்தில் இருக்கும். அதுதான் என்று நம்பி ஓடிவிடுவோம். பெரிய ஊர் என்பதால் காயல்பட்டினத்தைக் கைகாட்டுவது சுலபம். கால்டுவெல் பழையகாயல் பகுதியில் நடந்து பார்த்தார். அங்கே தரையெங்கும் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடந்தன. இதுதான் மார்க்கோ போலோவின் காயல் என்று முடிவுக்கு வந்தார். காயல்பட்டினம்தான் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு.

பிறகு காயலும் தூர்ந்தது. போர்த்துகீசியர் காலத்தில் வணிகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. கொற்கை, காயல், தூத்துக்குடி என ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துறைமுகங்கள். இதுதான் அவர் கண்டறிந்த வரிசை. இந்த ஆய்வை 1877இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் எழுதினார். 1881இல் வந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூலிலும் இது விரிவாக இருக்கிறது.

பிறகு என்ன ஆனது?

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடல் இடையன்குடி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தூத்துக்குடியில் அவர் பெயரில் பள்ளி இயங்குகிறது.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் முறைப்படி அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் கார்பன் காலக்கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. கால்டுவெல் தோண்டிய ஊர் எவ்வளவு பழமையானது என்பதற்கு அது ஒரு சான்று.

ஒரு வார இறுதி கிடைத்தால் நீங்களும் போய்ப் பார்க்கலாம். பழையகாயல் தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கிறது. கொற்கைக்கு ஏரல் பக்கம் திரும்பணும். போவதற்கு முன்னால் மூன்று ஊர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கொற்கைக் குளக்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது. ஒரு காலத்தில் கப்பல் வந்த இடம் அது.